என் அக்காவின் கால்

புந்தோங், ஈப்போ
12.3.2023

அன்புத் தங்கை மினிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். ஜெனிவாவில் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு எப்போதும் காதுவலிதான் முதலில் வரும்.

பேப்பரில் உன் படம் வந்தது. யானைக்கால் நோயை உலகத்திலிருந்தே ஒழிக்கும் திட்டத்துக்குப் பேராக்கில் பிறந்த தமிழ்ப்பெண் தலைமை ஏற்கிறார் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் காஸ் சிலிண்டர் கடை முதலாளி இராமசாமி அண்ணன் அதை வெட்டி என் கவுண்டரில் ஒட்டிவிட்டார். போனில் ஆர்டர் எடுக்கும்போதெல்லாம் நீ என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

ஒரு குறை மட்டும். சின்ன வயதில் தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வீங்கிய காலோடு ஒரு பெண்ணைப் பார்த்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறாய். ஒரு பெண்ணா? உன்னோடு ஒரே பாயில் படுத்தவள்தானே அவள். கோபம் இல்லை. அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன், அவ்வளவுதான்.

கால் அப்படியேதான் இருக்கிறது. கவுண்டர் உயரம், பாவாடை நீளம். வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இன்னொரு செய்தி. சிரிக்காதே. கடையில் லாரி ஓட்டுகிற தேவன் என்று ஒருவர், செமோர்க்காரர், மனைவி இறந்து வெகுநாளாயிற்று. தினமும் காலைச் சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வருகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அன்பு அக்கா,
தினேஸ்வரி


ஜெனிவா
2.4.2023

என் அருமை அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தேன். இங்கே தமிழில் பேச ஒருவரும் இல்லை. நீ எழுதினால்தான் எனக்குத் தமிழ்.

பேட்டியைப் பற்றி நீ வருத்தப்பட்டது நியாயம். ஆனால் உன் காலைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால்தான் ஒரு பெண் என்றேன்.

வேலை மலைபோல் இருக்கிறது. கொசுக்கடியில் பரவுகிற நோய். ஒரு வட்டாரத்தில் எல்லாரும் வருடா வருடம் மாத்திரை விழுங்கினால் உடம்பில் இருக்கும் நோய்ப்புழு செத்து, அடுத்த தலைமுறைக்கு நோய் வராது. ஆனால் வீங்கிய கால் அந்த மாத்திரையால் வற்றாது. கூட்டங்களில் இதைச் சொல்லும்போதெல்லாம் உன் ஞாபகம். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறாயா? உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கிறாயா?

தேவன் அண்ணனை எனக்குப் பிடித்துவிட்டது. அவரிடம் காலைப் பற்றிச் சொல்லிவிட்டாயா?

உன் மினி


புந்தோங்
18.6.2023

அன்பு மினி,

சொல்லவில்லை. மோட்டார் விபத்தில் அடிபட்டு நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கிறேன். நீ டாக்டர், முகம் சுளிப்பாய். சுளித்துவிட்டு மேலே படி.

போன வாரம் அவர் தன் அக்கா பத்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தை மாதம் கோயிலில் வைத்துத் தாலி கட்டலாம், ஆடம்பரம் வேண்டாம் என்றார்கள். பத்மா அக்கா எனக்கு ஒரு சேலை கொடுத்தார். மினி, இந்த வயதில் எனக்கு ஒரு சேலை. அவர்கள் போனதும் கண்ணாடிமுன் போய் நின்றேன்.

தெலுக் இந்தானிலிருந்து முதன்முதலில் என்னைப் பெண் பார்க்க வந்தது உனக்கு நினைவிருக்காது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். நான் கோப்பி கொடுக்கக் குனிந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே என் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பார்த்தாள். ஆம்பளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "தெரிஞ்சுக்கிட்டுப் போயிறலாம்னு பார்த்தேன்" என்றாள். கோப்பியை யாரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கவே இல்லை.

தேவனிடம் நானே சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னால், என் வாயால், அவரும் நானும் மட்டும் இருக்கிறபோது. அதுவரை நீ யாரிடமும் மூச்சு விடாதே. எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடு.

அக்கா


ஜெனிவா
20.8.2023

அக்கா,

சத்தியம். என் வாயிலிருந்து வராது.

நவம்பரில் ஈப்போ வருகிறேன். எங்கள் அனைத்துலக மாநாட்டை இந்த முறை அங்கேயே நடத்துகிறோம், பெரிய ஓட்டலில். பணம் கொடுக்கும் நாடுகள் சலித்துப்போய்விட்டன. ஒரு நாடு விலகிவிட்டது, இன்னொன்று விலகப் பார்க்கிறது. அதுவும் போனால் மூன்று நாடுகளில் மாத்திரை நின்றுவிடும். இதுவரை செய்த அத்தனையும் வீண். அங்கே பிள்ளைகளுக்கு மறுபடியும் உன் கால் வரும்.

ஒரு உதவி கேட்கிறேன். தாதியருக்குக் காட்ட உன் காலைக் கழுவுவதை வீடியோ எடுக்க வேண்டும். முகம் வராது, பெயர் வராது. சரி என்றால் ஒரு வரி எழுது.

உன் மினி


புந்தோங்
9.9.2023

மினி,

எடுத்துக்கொள். முகம் மட்டும் வேண்டாம்.

நீ வந்து தங்கும் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறேன். ஓட்டலில்தான் தங்குவேன் என்று சொல்லிவிடாதே.

அக்கா


புந்தோங்
27.11.2023

ஷாமினிக்கு,

நீ மறுநாளே விமானம் ஏறிவிட்டாய். அதனால் அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

தேவனை மாநாட்டுக்கு நான் கூப்பிடவில்லை. மச்சினிச்சி பேசுவதைப் பார்க்கணும் என்று அவர்தான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தோம். நீ எடுத்த வீடியோ ஓடியது, திரையில் கால் வந்தது. எனக்குத் தெரியும் அது என் கால் என்று. அவருக்குத் தெரியாது. "பாவம்லா அந்தப் பொம்பளை" என்று என் காதில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

நீ பேச்சை நிறுத்தினாய். முன்வரிசை வெள்ளைக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நீ பார்த்ததை நானும் பார்த்தேன். பிறகு இங்கிலீஷில், இது என் அக்காவின் கால், என் அக்கா இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள் என்றாய். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய்: "அக்கா, எழுந்து நில்லு."

எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீ சொன்னாய், நின்றேன். மண்டபமே எழுந்து கைதட்டியது. கேமராவோடு ஓடி வந்தார்கள். தேவனும் எழுந்தார், ஆனால் கைதட்டவில்லை.

வண்டியில் வரும்போது ஒன்றுதான் கேட்டார். "மோட்டார்ல விழுந்ததுன்னு சொன்னேலா." நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டு வாசல் வந்துவிட்டது.

அது சனிக்கிழமை. மறுநாள் தம்பூன் பக்கம் போய் மீன் சாப்பிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அங்கே வைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாரம் முழுவதும் மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பத்மா அக்கா வந்தார். சேலையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் வரவில்லை, கேட்டிலேயே நின்றார். தேவன் தைப்பிங் பக்கம் லாரி கேட்டு மாறிப் போய்விட்டார். கடையில் இராமசாமி அண்ணனின் மனைவி என் நாற்காலியை டெட்டால் ஊற்றித் துடைத்துவிட்டு, எனக்குப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று போட்டிருக்கிறார். தனியாகக் குவளையும் வைத்திருக்கிறார். உன் படம் இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறது.

சத்தியம் பண்ணினாயே, மினி.

தினேஸ்வரி


ஜெனிவா
15.12.2023

அன்பு அக்கா,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

விலகவிருந்த நாடு விலகவில்லை. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. என் பேச்சுக்காகப் போடவில்லை, நீ எழுந்து நின்றதற்காகப் போட்டது. மூன்று நாடுகளில் மாத்திரை நிற்காது.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அது பொய். மேடையில் நிற்கும்போது அந்தப் பிள்ளைகளையும் உன் ஒரு கல்யாணத்தையும் எடை போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நாளைக்கே அப்படி ஒரு நிலைமை வந்தாலும் சொல்வேன்.

இதையும் சொல்கிறேன், கேள். நீ அவரிடம் சொன்னது பொய். நான் சொன்னது உண்மை. கல்யாணமாகி முதல் வாரமே அவர் பார்த்திருப்பார். தொட்டால் ஒட்டாத நோய்க்குப் பயந்து ஓடுகிற ஆளுக்காக நீ ஏன் அழ வேண்டும்? இந்த நோயைவிட அதை மறைப்பதுதான் நம் சனங்களைக் கொல்கிறது. நீயும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாய்.

அந்த முக்காலியில் நீ உட்கார வேண்டாம். மே மாதம் இங்கே பெரிய கூட்டம், உலகத் தலைவர்கள் வருகிறார்கள். நீ வந்து பத்து நிமிடம் பேசினால் போதும். டிக்கெட், அறை எல்லாம் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். குளிருக்கு என் கோட் உனக்குச் சரியாக இருக்கும்.

உன் மினி


புந்தோங்
11.2.2024

டாக்டர் ஷாமினிக்கு,

உன் வேலை பலிக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாநாட்டு வீடியோ இங்கே எல்லாருடைய போனிலும் சுற்றியது. ஜனவரியில் செமோர் பக்கத்திலிருந்து வீரம்மா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். காஸ் வாங்க வந்தவள் இல்லை. மற்றவர்கள் போகும்வரை நின்று, பிறகு கைலியைக் கொஞ்சமாக விலக்கிக் காட்டினாள். என் காலைவிட மோசம். புண்ணில் சீழ். புருஷனுக்கே காட்டாமல் துணி சுற்றி வைத்திருந்தாளாம். வேலையைப் போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவள் புண் ஆறுகிறது. அவளுக்குப் பிறகு இன்னும் சில பேர் வந்தார்கள். காஸ் கடையை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் இவர்களுக்குக் கால் கழுவிக் கட்டுப்போடக் கற்றுக்கொடுக்கிறேன்.

உன் வேலையை வெறுத்துவிட எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. வீரம்மா காலைக் கையில் பிடித்திருக்கும்போது எப்படி வெறுப்பது?

தேவன் ஒருமுறை வந்தார். பொங்கலுக்கு முந்தின நாள், வாசலில் நின்றே பேசினார். "நீ சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன்லா. ஊரே பார்த்து முடிச்ச பிறகு கடைசியா நான் பார்க்கிறேன். அது எனக்கு ஆகல" என்றார். நோய்க்குப் பயமா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். போகிறவர் நல்ல பேரோடு போகச் சொன்ன வார்த்தையாகவும் இருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். விட்டுவிட்டுப் போயிருந்தால்கூட, என் முகத்துக்கு நேரே, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனார் என்று இருந்திருக்கும். ஓடுகிற ஆள் என்று நீ ஜெனிவாவில் உட்கார்ந்து எழுதிவிட்டாய். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் தெரியாது. எனக்கு ஒருத்தன் நிற்பானா மாட்டானா என்று தெரிந்துகொள்ள வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஒரு நாள் அது. அதை நீ எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கிழவியும் தெரிந்துகொள்ளத்தான் என் சேலையைத் தூக்கினாள் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

மே மாதம் நான் வரமாட்டேன். அந்த வீடியோவை நீங்கள் காட்டிக்கொள்ளலாம், தடை இல்லை. இன்னும் பல வீரம்மாக்கள் அதைப் பார்க்கட்டும். நீ மட்டும் வராதே. அம்மா திதியை நானே கொடுத்துவிடுகிறேன். உன் அறையை வீரம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன், புருஷன் அவளை வீட்டில் சேர்க்கவில்லை.

கட்டுத்துணி, களிம்பு அனுப்புவதானால் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பு. பொறுப்பாளர் என்று போட்டால் போதும், எனக்கு வந்து சேரும். இந்த வீட்டு முகவரிக்கு இனி எதுவும் எழுதாதே.

இப்படிக்கு,
தினேஸ்வரி