மொட்டைப் பாப்பா லேபிள்

திருத்தணி

அன்பு மகள் யுவஸ்ரீக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சுலோச்சனாவும் முருகன் தயவில் நலம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பாலமுருகனும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதுகிறேனே தவிர எனக்குச் சோறு இறங்கவில்லை, கடையில் உட்கார்ந்தால் வீட்டுக்கு வரத் தோன்றுகிறது, வீட்டுக்கு வந்தால் கடைக்கு ஓடத் தோன்றுகிறது. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கோபப்படாமல் முழுவதும் படி.

போன மாதம் கனகம்மாசத்திரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பூபாலன் ஒரு லுங்கியைக் கொண்டுவந்து என் கல்லாமேல் எறிந்தான். ஒரே துவைப்பில் சாயம் போய் அவன் மச்சானுடைய வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாகிவிட்டதாம். "பொண்ணு மூஞ்சியப் போட்டுகினு இப்டி ஏமாத்துறியே வேணு, உனக்கே நல்லாகீதா" என்று நாலு பேர் எதிரில் கேட்டான். எடுத்துப் பார்த்தால் அது பொதட்டூர்பேட்டையில் நம் தறிகளில் ஓடிய துணியே இல்லை, வழவழவென்று ஏதோ பாலியெஸ்டர். லேபிள் மட்டும் அச்சு அசல் நம் பாப்பா லுங்கி, நீ ரிப்பன் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். விசாரித்தால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற போலிச் சரக்கு என்றார்கள். நல்லவேளை, சென்னை வக்கீல் ஈவ்லின் அம்மா நம் மார்க்கைச் சுங்கத்துறையிலும் முன்பே பதிந்து வைத்திருந்தார். அடுத்து வந்த கண்டெய்னரைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு உன் அம்மா கேசரி கிளறினாள், நானும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

சரக்கை அடையாளம் காட்டச் சுங்கத்துறையில் கூப்பிட்டார்கள் என்று போனேன். கட்டுக்கட்டாக உன் முகம். இறக்குமதி செய்தவனுடைய வக்கீல் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார், "பதிவுல இருக்கிறது மொட்டைக் குழந்தை, இதுல தலை நிறைய முடி இருக்கு. இது வேற குழந்தைங்க. பாப்பான்ற பேரு யாருக்கும் சொந்தமில்ல." மலையில் உனக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசி எடுத்த படத்தைத்தான் அந்தக் காலத்தில் பதிந்திருந்தோம். போன வருஷம் கல்யாணத்துக்கு முன்னால், மாமியார் வீட்டில் சிரிப்பார்கள் என்று நீ அழுதாயே, அப்போதுதான் நீ எல்.கே.ஜி. படித்தபோது எடுத்த படத்தைப் போட்டு லேபிளை மாற்றினேன். பதிவையும் மாற்ற வேண்டும் என்று எனக்கு உறைக்கவில்லை, எந்தப் படமானாலும் என் பெண்தானே என்று இருந்துவிட்டேன். அதிகாரி ஒரு படத்தைக் காட்டி "இது யாருங்க" என்றார், "என் பொண்ணுங்க" என்றேன். "அப்ப அது" என்றார், "ஆங், அதுவும் என் பொண்ணுதாங்க, எனக்கு ஒரே பொண்ணுங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வாயால் சொன்னால் போதாதாம். "இரண்டு படத்திலும் இருப்பது நான்தான்" என்று நீ எழுதி, அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் சரக்கை விட்டுவிடுவார்கள். உன் கையெழுத்து வந்தாலும் ஜெயிப்போம் என்று ஈவ்லின் அம்மா உறுதி சொல்லவில்லை, வராவிட்டால் நிற்க இடமில்லை என்று மட்டும் சொன்னார்.

நீயோ "அந்த மொட்டைய மறுபடி வெளிய எடுக்காத நைனா" என்கிறாய். பள்ளிக்கூடத்தில் உன்னை மொட்டை லுங்கி என்று கூப்பிட்டதும், நீ பையை வீசிவிட்டு அழுததும் எனக்குத் தெரியாதா. உன் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சரக்கு வெளியே வந்தால் ஊருக்கு ஒரு பூபாலன் உன் முகத்தைப் பார்த்துக் காறித் துப்புவான், அதை என்னால் தாங்க முடியாது அம்மா. வியாபாரம் போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது, சொன்னால் அது பொய், தறிக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன். எழுதும்போதே எழுந்து எழுந்து நடக்கிறேன், "கொஞ்சம் குந்துய்யா, தலை சுத்துது" என்று உன் அம்மா திட்டுகிறாள்.

மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்பதுதானே உன் பயம். சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது அவர் குடோனில் பழைய லுங்கிக் கட்டு ஒன்றைப் பார்த்துவிட்டார். "இது யுவாதான மாமா" என்று கேட்டு, ஒரு மொட்டை லேபிளைப் பதமாக உரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார். அதை மீறிவிட்டேன், முருகன் கேட்டால் என்னைக் கேட்கட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ மலைமேல் இருக்கிறவன் துணை இருப்பான். கையெழுத்தைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே போடு. அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் பர்ஸைத் திறந்து பார்.

உன் நைனா,
வேணு