நடக்கிற வருஷத்துத் துணி

சேசு மரி சூசை துணை

திருமுல்லைவாயில்,
16-2-97

அன்பு மகன் அருள்தாஸுக்கு அம்மா தெரசா ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல உன் தங்கை ஞானகுமாரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நன்றாயிருக்கிறோம், விசாகப்பட்டினத்தில் நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் அப்படியே இருக்கத் தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். ஞானம் பி.காம். படித்தவள் இல்லையா, நான் வாயில் வந்தபடி சொல்வதை அழகாக்கி எழுதுகிறாள், அதனால் வார்த்தை அவளுடையதாக இருந்தாலும் விஷயம் என்னுடையது என்று எடுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. கொடி முடிந்துவிட்டது, நாளைக்குப் பார்சலில் போடுகிறோம். உங்கள் நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் அதன் மேல் பறக்க ஒரு நீளக் கொடி வேண்டும், அது உழைத்து முடித்த வருஷத்துக்கு ஒரு துண்டாகச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று உங்கள் ஆபீசர் சொன்னபோது, எங்கப்பா ஆவடியில் யூனிஃபார்ம் தைத்தவர் என்று நீ கை தூக்கினாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. துணியை ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டபிறகுதான் கத்தரியைத் தொட்டார். தைக்கத் தைக்க அது கூடத்திலிருந்து சமையலறை வழியாகக் கிணற்றடிக்குப் போய்விட்டது, நாங்கள் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம். பக்கத்து வீட்டுக் கஜபதி எட்டிப் பார்த்து, இன்னாண்ணே, பந்தலுக்குத் துணியா, பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டு எங்கைல சொல்லாம கீறியா என்றான். கப்பல் ரிட்டயர் ஆவுதுடா, அதுக்கு மாலை என்றார் அப்பா. நான் ரிட்டயர் ஆனப்போ ஒரு டிபன் கேரியர் குட்தாங்க, அதுக்கு மூடி இன்னிக்கும் சேரல, கப்பலுக்கு வந்த வாழ்வப் பாரு என்று அவன் சொன்னதில் ஞானம்கூடச் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

அந்தக் கப்பல் வருஷாவருஷம் என்ன செய்தது என்று நீ எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாய் இல்லையா, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய வருஷத்தை ஞானம் படிக்க வேண்டும், பிறகுதான் அப்பா மெஷினை மிதிப்பார். ருஷ்யாவில் பனிக்குள் கொடி ஏறியது, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது எல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. சண்டை நடந்த வருஷத்தில் அது எங்கே கிடந்தது என்று உங்களுக்கே சொல்லவில்லையாம். சொல்லாட்டி போறாங்க, தையல் எல்லா வருஷத்துக்கும் ஒண்ணுதான் என்றார் அப்பா. மறுபடி ருஷ்யாவுக்கே போய் வயிற்றைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தது, பாட்டரி எல்லாவற்றையும் மாற்றியது, நம் கப்பல்கள் தேடிப் பழகுவதற்காக வருஷக்கணக்கில் ஒளிந்து விளையாடியது, அதன் பிறகு நீ போய்ச் சேர்ந்தது. பகலில் பாட்டரியில் ஓடி, இருட்டியதும் மூச்சுக்குழாயை மட்டும் மேலே நீட்டி டீசல் எஞ்சினை ஓட்டிப் பாட்டரியை நிரப்பிக்கொள்ளும் என்று நீ எழுதியதைக் கேட்டு, நம்ம மாதிரிதான், பொழுதெல்லாம் உழைச்சு ராத்திரி மூச்சு வாங்குது என்றார் அப்பா.

ஒரு துண்டை மட்டும் நான் கையாலேயே தைத்தேன். தவக்காலம் முழுக்க உன்னிடமிருந்து கடிதாசி வராத வருஷம் அது. எஞ்சின் அறையில் புகை கிளம்பி, கப்பலை இன்னொரு துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று ஈஸ்டருக்குப் பிறகுதானே தெரிந்தது. அப்போது மீன் வாங்கவே எனக்கு மனம் வரவில்லை. மீன்காரக் கன்னியம்மா கூடையை இறக்கி, இன்னா தெரசாக்கா, மீனு மேல கோவமா என்று கேட்டாள். எம்புள்ள அதுங்களுக்கும் கீழ கீறானேடி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, கப்பல் நின்றால் நீயும் நின்றுவிடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கஜபதி சொல்லிவைத்த பம்ப் கம்பெனி வேலை இருக்கிறது என்று நான் பிடிவாதம் பிடித்ததும் அதனால்தான்.

இதற்குள் ஒரு கூத்து நடந்தது. முழுக் கொடியையும் தைத்து வால் வரைக்கும் மடித்து அடித்தாயிற்று. ஞானம் இரண்டு நாளாக அதன் துண்டுகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது மெதுவாக, அப்பா, எனக்கு என்ன வயசு என்று கேட்டாள். இருபத்திரண்டு நடக்குது என்றார். வேலைக்கு எழுதிப் போட்டா என்ன வயசுன்னு போடணும் என்றாள். இருபத்தொண்ணு, முடிஞ்சதத்தானே போடணும் என்றவர் சோற்றில் கையை வைத்தபடி கொடியைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு வயது சொல்வதுபோலக் கப்பலுக்கும் நடக்கிற வருஷத்தைச் சேர்த்து ஒரு துண்டு கூடுதலாகத் தைத்துவிட்டார். நீ முடிந்த வருஷம் என்றுதான் எழுதியிருந்தாய். முடியாத வருஷத்தை அது மேல ஏத்துனா பொய்யாயிடும் என்று அன்றைக்கே பிரிக்கச் சொல்லிவிட்டார்.

பிரித்தது நான்தான். பிளேடால் ஒவ்வொரு தையலாக எடுத்துக்கொண்டே உன் கடிதாசியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பம்ப் கம்பெனி வேலையைப் பற்றி அரை வரி எழுதியிருக்கிறாய், அம்மா சொன்னால் சரி என்று. கப்பலைப் பற்றி எட்டுப் பக்கம். புதுக் கப்பலுக்கு ஆள் எடுப்பதைக் கடைசியில் ஓரமாக எழுதி, அதையும் அடித்துவிட்டிருக்கிறாய், ஞானம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பயந்து நீ அம்பத்தூரில் உட்கார்ந்திருந்தால் அதைத் தினமும் பார்க்க வேண்டியவளும் நான்தானே. கஜபதியிடம் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். இன்னாக்கா, புள்ளய மறுபடி தண்ணிக்குள்ளயே உட்டுட்டியா என்றான். நீ மொதல்ல டிபன் கேரியருக்கு மூடியத் தேடு என்றேன்.

பிரித்த துண்டை வீணாக்கவில்லை. செபமாலை வைக்கச் சின்னப் பையாகத் தைத்துப் பார்சலில் கொடிக்கு நடுவே வைத்திருக்கிறேன், கொடியை உதறும்போது விழுந்துவிடப் போகிறது, பார்த்து எடு. அதைப் புதுக் கப்பலில் உன் படுக்கைக்கு மேலே மாட்டிக்கொள். கொடியை இறக்கும் அன்று வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே. கரைக்கு வந்ததும் முதலில் இரண்டு வரி எழுதிப் போடு, பிறகு தூங்கு. அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம், ஆண்டவர் உன்னோடு கீழேயும் மேலேயும் இருப்பார். ஆபீசரிடம் போய்ப் புதுக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிடு.

இப்படிக்கு, இந்தப் பெயரை மட்டும் தன் கையால் எழுதும் உன் அம்மா,
தெரசா