உன் பெயருக்கு வரும் திங்கட்கிழமை மெயில்

இன்று காலை நூலகத்துக் கணினியைத் திறந்ததும் உனக்கு ஒரு மெயில் வந்து கிடந்தது. திங்கட்கிழமை அல்லவா, வராமல் இருக்குமா? மேலே உன் பெயர், டாக்டர் பட்டத்தோடு. நீங்கள் சேமித்து வைத்த தேடலுக்குப் புதிய கட்டுரைகள் வந்துள்ளன என்று ஆங்கிலத்தில் அதே பழைய வாசகம். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதை அந்தத் தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் கல்லூரி நூலகரான நான்தான். எனக்கு மனம் வரவில்லை.

இதுதான் கடைசி மெயில். அடுத்த திங்கள் வராது. ஏன் வராது என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். மெயிலை இன்னும் திறக்கவில்லை. டீ வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நீ விலங்கியல் துறை, நான் நூலகம். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். ஆட்கள் முன்னால் மேடம், மேடம் என்று மரியாதையைக் கொட்டுவோம். ஆள் நகர்ந்ததும் வாடி போடிக்குப் பதில் நம் ஊர் 'ஏளா'தான். நீ மணப்பாட்டுக்காரி, கடலையே உன் வீட்டுச் சொத்து மாதிரி பேசுவாய். நீ கத்தோலிக்கம், நான் நாசரேத்து சி.எஸ்.ஐ. சபைக்காரி என்பதில் உனக்கு ஓயாத கிண்டல். "ஒங்களுக்கு என்னளா, ஆர்மோனியத்தப் போட்டுப் பாட்டுப் படிச்சிக்கிட்டே மோட்சத்துக்குப் போயிருவிய. நாங்கதான் முழங்கால்ல நிக்கணும்" என்பாய். நான் பதிலுக்கு உன் கருவாட்டுப் பொட்டலத்தைப் பற்றிப் பேசுவேன். ஏசி அறையில் அதைப் பிரித்து வைத்துவிட்டு, மணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாரோடும் சேர்ந்து நீயும் தேடினாயே, அதை இந்தக் கல்லூரி இன்னும் மறக்கவில்லை.

நம் கல்லூரிக்கு ஆராய்ச்சி டேட்டாபேஸ் வாங்குவது எப்போதுமே ஒரு கூத்துதான். வருடச் சந்தா கட்டினால் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைக் கணினியில் திறந்து படிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு, சென்னையிலிருந்து டை கட்டிய பிள்ளைகள் வருவார்கள். புரொஜெக்டரைப் போட்டு வண்ண வண்ணமாகப் படம் காட்டுவார்கள். முதல்வர் தலையாட்டுவார். கடைசியில் "ஏதாவது ஒரு கீவேர்டு சொல்லுங்க மேடம்" என்று அந்தப் பிள்ளை கேட்டதும் எல்லாரும் உன்னைப் பார்ப்போம். நீ எழுந்து போய், லத்தீன் பெயரில் இவர்கள் எழுத்தைக் கொலை செய்வார்கள் என்று சொல்லி, நீயே தட்டுவாய். எப்போதும் ஒரே சொல்தான்: நம் கடலில் கிடைக்கும் சங்கின் அறிவியல் பெயர். நீ முனைவர் பட்டம் வாங்கியதும் அந்தச் சங்கில்தான்.

கட்டுரைகளின் தலைப்புகள் வந்து விழும். ஒன்றைத் தொடுவாய். சுருக்கம் மட்டும் வரும், முழுக் கட்டுரைக்குப் பூட்டுப் போட்டிருக்கும். உடனே திரும்பி, "இட்லி, தோசை, பூரின்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கிய. சாப்பாடு எங்க தம்பி?" என்பாய். பாவம், அந்தப் பிள்ளைகள் வியர்த்துப் போவார்கள்.

ஒரே ஒரு கம்பெனி உன் சோதனையில் தேறியது. கடலையும் கடல் உயிர்களையும் பற்றியது மட்டும் இருந்த சிறிய டேட்டாபேஸ். சங்கு என்றதும் முழுக் கட்டுரைகளாகவே திறந்தது. வணிகவியல் பிள்ளைகள்தான் அதிகம், அவர்களுக்கு இதனால் என்ன லாபம் என்று முதல்வர் இழுத்தார். நீ விடவில்லை. "சார், இங்கன இருந்து கடலுக்கு நடந்தே போயிரலாம். அதப் பத்திப் படிக்கதுக்கு மட்டும் பிள்ளைக மெட்ராஸுக்குப் போணுமா?" என்றாய். வாங்கினோம். அப்புறம் உன் முதுகலை மாணவர்கள் என் நூலகத்தில் இடம் பிடித்து உட்கார்ந்த அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்போதுதான் இந்த வார மெயிலுக்கு ஏற்பாடு செய்தாய். சங்கைப் பற்றி உலகில் யார் எழுதினாலும் திங்கட்கிழமை தெரிந்துவிட வேண்டும் உனக்கு. பெயர் உன்னுடையது, முகவரி நூலகத்தினுடையது. உன் மெயில் பெட்டியில் சுற்றறிக்கையும் கல்யாண போட்டோவும் நிரம்பி வழிகிறது என்று காரணம் சொன்னாய். "எனக்கு வந்தா நான் பாக்க மாட்டேன். ஒனக்கு வந்தா நீ சொல்லாம இருக்க மாட்ட" என்பதும் காரணம். திங்கள்தோறும் பதினொரு மணி டீக்கு நீ வருவாய். நான் தலைப்புகளை வாசிப்பேன். ஒரு தலைப்பை முழுதாக வாசிக்க விடுவாயா? பாதியிலேயே அந்தக் கட்டுரை தப்பு என்பாய், அந்த ஆளை மாநாட்டில் பார்த்தேன் என்பாய், உன் அண்ணன் வலையில் போன வாரம் வந்த சங்கின் கதைக்குப் போய்விடுவாய். "நடுவுல பேசாதளா, வாசிக்க விடு" என்று அதட்டியே என் டீ ஆறிப்போகும்.

பிறகு அந்த டெமோ. பெரிய கம்பெனி, எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே டேட்டாபேஸ் என்று வந்திருந்தார்கள். கீவேர்டு கேட்டார்கள். நீ எழுந்து போனாய். நான் சங்குக்குத் தயாராக, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கணையப் புற்றுநோயின் ஆங்கிலப் பெயர்.

மற்றவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. விலங்கியல் மேடம் உயிரியலில் ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். முந்தின வாரம் நீ வயிற்றுவலி என்று திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனதும், கேட்டதற்கு வெறும் வாயுத் தொல்லைதான் என்று சொன்னதும் எனக்கு மட்டும்தான் தெரியும். "ரொம்ப ரிச்சான கலெக்‌ஷன் மேடம், பாருங்க எவ்வளவு ரிசல்ட்" என்று அந்தப் பிள்ளை சந்தோஷமாகச் சொன்னான். நீ ஒன்றைத் தொட்டாய். சுருக்கம் வந்தது, பூட்டு வந்தது. சாப்பாடு எங்கே என்று நீ கேட்கவில்லை. தாங்க்ஸ் தம்பி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாய்.

மாடிப்படியில் உன்னை நிறுத்தினேன். அழுதது நான்தான், நீ இல்லை. "டாக்டர்ட்ட கேட்டேன், சுத்தி வளைக்காரு. இங்கன கேட்டேன், ரெண்டு வரிச் சுருக்கத்துலயே நேராச் சொல்லிட்டு. அவ்வளவுதாம்ளா" என்றாய்.

ஒரு நூலகரால் வேறு என்ன செய்ய முடியும்? மருத்துவ டேட்டாபேஸ் ஒன்றை ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கக் கேட்டு வாங்கினேன். யாருக்கு என்று முதல்வர் கேட்டபோது விலங்கியல் துறைக்கு என்றேன். காரணம் அவருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ மில்லர்புரம் வீட்டிலிருந்தே படிக்கக் கடவுச்சொல் ஏற்பாடு செய்து தந்தேன். நீ வெறி பிடித்த மாதிரி படித்தாய். அதிலும் ஒரு தடை இருந்தது. கடைசி ஒரு வருடத்துக் கட்டுரைகளை மட்டும் அவர்கள் தர மாட்டார்கள். "புதுசுதாம்ளா எனக்கு வேணும். பழசுல இருக்க மருந்தெல்லாம் டாக்டரே சொல்லிட்டாரு" என்றாய். அந்த ஒரு வருடத்தைத் திறக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு நான் எழுதாத மெயில் இல்லை. அருமையான ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தார்கள்.

மாதம் முடியும் நாளன்று வேலை முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன். உன் கணவர் துறைமுகத்திலிருந்து சீக்கிரமே வந்து அடுப்படியில் உனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நீ கட்டிலில், மடிக்கணினி மூடிக் கிடந்தது.

"இன்னும் ஒரு மாசம் கேக்கட்டுமாளா? குடுப்பான்" என்றேன்.

"வேண்டாம்."

"கேட்டா என்ன குறைஞ்சா போச்சு?"

"நான் படிக்கத நிறுத்திட்டேன். படிக்க ஆளில்லாதத எதுக்குத் தொறந்து வச்சிருக்க? மூடிரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "இன்னைக்கு திங்கக்கிழமைதான? நம்ம மெயில் வந்துச்சா? வாசி."

போனில் திறந்து வாசித்தேன். அன்றைக்கு நீ நடுவில் பேசவே இல்லை. எல்லாத் தலைப்புகளையும் முழுதாக வாசித்து முடித்தேன். ஒரு தலைப்பையாவது நீ குறுக்கே வெட்ட மாட்டாயா என்று ஏங்கிக்கொண்டே வாசித்தேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். அதன் பிறகு மணப்பாட்டில் உன்னை அடக்கம் செய்தபோது கடல்காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை, திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். நானும் முழங்காலில்தான் நின்றேன்.

நீ போன பிறகு உன் துறையில் முதுகலை நின்றுபோயிற்று. உன் டேட்டாபேஸைத் திறக்க ஆளில்லை. திங்கட்கிழமை மெயிலிலிருந்து நான் ஒருத்தி மட்டும் உள்ளே போய் வருவேன். சங்கின் முட்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் போவேன். இதற்கிடையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் எம்.காம். பெண் ஒருத்தி வாழைத்தார் சந்தையைப் பற்றித் திட்டக் கட்டுரை எழுதுகிறாள். அவள் அப்பா வாழை போட்டு நஷ்டப்பட்டவர். அவள் கேட்ட எதுவும் நம்மிடம் இல்லை. "பரவால்ல மேம், போன்ல கெடைக்கத வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டிருந்தால் நீ என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

இந்த வருடம் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. உன்னுடையதைப் புதுப்பிப்பதா, வணிகவியலுக்கும் விவசாயச் சந்தைக்கும் சேர்த்து ஒன்று வாங்குவதா என்று முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள். முதல்வர் கூப்பிட்டு, "மேடம் ஞாபகமா அதையே வச்சுக்கிட்டாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. உன் பேரைச் சொல்லி, யாரும் திறக்காத ஒன்றை வைத்திருப்பதா? உன் மெயிலை எப்படி நிறுத்துவது? பல நாள் தூக்கம் கெட்டது.

போன வாரம் டெமோ. புதிய பிள்ளை கீவேர்டு கேட்டான். பழக்கத்தில் எல்லாரும் உன் நாற்காலியைப் பார்த்தோம், பிறகு தலையைக் குனிந்துகொண்டோம். நான் எழுந்து போய் வாழைத்தார் விலையைப் பற்றித் தட்டினேன். முழுக் கட்டுரை திறந்தது. ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. பின்வரிசையில் அந்தப் பெண்ணை உட்கார வைத்திருந்தேன். அவள் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மூடிரு என்று நீ சொன்ன குரல் காதில் இருந்தது. இல்லாவிட்டால் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. திறந்து படிக்கப் போகிறவர் யார் என்று முதலில் கேள் என்பது இத்தனை வருடமும் நீ செய்து காட்டிய காரியம். இந்த வேலையில் இருக்கிற வரைக்கும் அது என்னோடு இருக்கும்.

உன் சந்தா இந்த வாரத்தோடு முடிகிறது. அத்தோடு மெயிலும் நிற்கும். எனக்கு வலிக்கிறதுளா. இன்னொரு முறை உன்னை அனுப்பி வைக்கிற மாதிரி இருக்கிறது.

டீ வந்துவிட்டது. மெயிலைத் திறந்துவிட்டேன். இன்றைக்கு நாலைந்து தலைப்பு இருக்கிறது, முதலாவது நம் மன்னார் வளைகுடாவைப் பற்றித்தான். வாசிக்கிறேன், கேள். அவசரம் ஒன்றும் இல்லை, டீ ஆறினால் ஆறட்டும். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்.