இரைச்சல் நிற்காத பெட்டி

நவம்பர் 4, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. கல்லூரி லாபுக்குப் பாதி மாணவர்கள்தான் வந்தார்கள். வந்தவர்களும் குடையை உலர்த்தத்தான் வந்தார்கள். கால்வனாமீட்டர் பன்னிரண்டையும் துடைத்து அடுக்கினேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "நீங்க இருக்கறதே தெரியலையே" என்றார். பாராட்டாம்.

மாலை மறுபடி பெட்டி. ரஞ்சிதம் டீச்சரின் கிட்டாருக்காக நான் கட்டும் ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோ ஒன்றின் வால்வுகள், டிரான்ஸ்ஃபார்மர், எட்டங்குல ஸ்பீக்கர். பலகை நானே அறுத்தது. கிட்டார் சத்தம் நன்றாக வருகிறது. கூடவே ஓர் இரைச்சல். கம்பியைத் தொடாமலே "ம்ம்ம்ம்" என்று.

இதுவரை பார்த்தவை:
1. ஃபில்டர் கண்டன்சர். புதிது போட்டாயிற்று. பலனில்லை.
2. வால்வுகளின் ஹீட்டர் ஒயர்கள். இறுக்கி முறுக்கியாயிற்று. கொஞ்சம் பலன்.
3. டிரான்ஸ்ஃபார்மர். திருப்பி வைத்தாயிற்று. பலனில்லை.
4. கெஞ்சிப் பார்த்தாயிற்று.

இன்னும் பதினெட்டு நாள். 22ஆம் தேதி ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை ஆராதனை. அதில் டீச்சர் இந்தப் பெட்டியோடு ஒரு பாட்டு வாசிக்கக் கமிட்டி அரை மனதோடு சம்மதித்திருக்கிறது. "ஆலயத்துக்குள்ள கரண்டு கிட்டாரா?" என்று பொருளாளர் கேட்டாராம். "சரி, ஒரு தடவை பாப்போம். இரைஞ்சுதுன்னா அதோட சரி."

டீச்சருடையது ஹவாயன் கிட்டார். மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிப்பது. பத்து வருடமாக ஆலயத்தில் வாசிக்கிறார், மூன்றாவது பெஞ்சைத் தாண்டிக் கேட்டதில்லை. நான் உட்காருவது பதினோராவது பெஞ்சு.

சாப்பாடு: ரசம், அப்பளம். அப்பளம் நமத்துவிட்டது.

நவ. 7, சனி

மூன்று மணிக்கு மழை விட்டது. மூன்றரைக்கு மறுபடி பிடித்தது. வரமாட்டார் என்று சட்டையைக் கழற்றப் போனேன். நாலு மணிக்குச் சரியாகக் குடை, கிட்டார்ப் பெட்டி, முழங்கால் வரை சேறு. டீச்சர்.

கிட்டார் இல்லாமல் பெட்டியைச் சோதிக்க முடியாது. கிட்டாரை என்னிடம் விட்டுப் போகவும் முடியாது, தினமும் பயிற்சி. ஆகவே சனிக்கிழமை நாலு மணி என்று ஏற்பாடு. இது மூன்றாவது சனி.

ஆலயத்தில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். நான் இங்கே வந்த ஆறு வருடத்தில் வாசலில் வைத்து நான்கு தடவை "ஸ்தோத்திரம்" சொல்லியிருக்கிறேன். அவரும் சொல்லியிருக்கிறார். அவ்வளவே எங்கள் பழக்கம். பெட்டி வந்தபிறகுதான் பேச்சு.

கதவு விரியத் திறந்திருக்கும். வாசற்படியில் வீட்டுக்காரம்மா பாக்கியம், அவரைக்காய் ஆய்ந்துகொண்டு. தனியாள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தால் அவர் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். நல்லதுதான். இல்லாவிட்டால் டீச்சர் படியேற மாட்டார்.

"இன்னா சார், பொட்டி இன்னும் மாடு மாதிரி கத்திகினு கீது?"

"கண்டுபிடிச்சுடலாம்மா."

"மூணு வாரமா இதையேதான் சொல்லிகினு கீறே."

டீச்சர் சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கிறார். மேல் பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மறைக்க வேண்டியதே இல்லை.

உள்ளே பார்க்க வேண்டும் என்றார். பின் பலகையைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே இருநூற்றைம்பது வோல்ட், சுவிட்சை அணைத்தாலும் கண்டன்சரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்று எச்சரித்தேன். வேலை செய்யும்போது ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும்.

"சேலைக்குப் பாக்கெட் ஏது சார்?"

"அப்போ முதுகுக்குப் பின்னால வச்சுக்குங்க."

உடனே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அவர் பாடம் எடுப்பதும் ஆறாம் வகுப்புக்குத்தான்.

ஐந்தேகாலுக்குப் போனார். டீக்கோப்பை இரண்டு கழுவினேன். இந்த வீட்டில் இரண்டாவது கோப்பை சனிக்கிழமை மட்டும்தான் நனைகிறது.

நவ. 9, திங்கள்

தங்கையிடமிருந்து கடிதம். இன்லண்ட் முழுக்க அவள் மாமியாரின் மூட்டுவலி. ஓரத்தில், "அண்ணா, நாற்பத்திரண்டு ஒன்றும் பெரிய வயதில்லை." பதில் எழுதினேன். மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் என்று.

சனி மாலையிலிருந்து இன்று காலை வரை நான் பேசிய சொற்களை எண்ணிப் பார்த்தேன். பால்காரரிடம் "அரை லிட்டர்". ஆலயத்தில் "ஆமென்". பாட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

நவ. 10, செவ்வாய்

கண்டுபிடித்தேன்.

கிட்டார் ஒயரைச் செருகும் சாக்கெட். அது, எல்லாவற்றையும் பொருத்தியிருக்கும் இரும்புத் தட்டை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் ஏற்கெனவே வேறு ஒயர் வழியாக ஒரு தடவை போகிறது. இங்கே இன்னொரு தடவை. இரண்டு இடத்தில் எர்த் போனால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி இரையும். முதல் வருட மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது. எனக்கு மூன்று வாரம்.

பழைய சைக்கிள் டியூபில் இரண்டு வாஷர் வெட்டினேன். சாக்கெட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சுவிட்சைப் போட்டேன். வால்வு சிவந்தது. சத்தமே இல்லை. பெட்டி செத்துவிட்டதோ என்று கிட்டார் ஒயரின் முனையைத் தொட்டேன், "டப்" என்றது. உயிரோடுதான் இருக்கிறது.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். செய்யவில்லை. வீடு அப்படி அமைதியாகிவிட்டது. மூன்று வாரமாக மாலையில் அந்த இரைச்சலோடுதான் சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன். ரயில் போகும்போது அதற்குள் ஒரு கரகரப்பு வரும், இது பீச் வண்டி, இது செங்கல்பட்டு வண்டி என்று சொல்லிக்கொள்வேன். இப்போது சுவர்க்கடிகாரம் மட்டும்.

பெட்டி சரியாகிவிட்டது. ஆகவே இனி சனிக்கிழமை நாலு மணிக்கு யாரும் வரவேண்டியதில்லை.

வாஷர் இரண்டையும் கழற்றினேன். தீப்பெட்டிக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். சாக்கெட்டை இறுக்கினேன். ம்ம்ம்ம்.

நவ. 11, புதன்

வெட்கமாக இருக்கிறது. நாளும் பொழுதும் பையன்களிடம் "ரீடிங்கை மாத்தி எழுதாதே" என்று சொல்லும் ஆள் நான்.

இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்குப் பிறகு மாட்டிவிடுவேன். பண்டிகைக்கு நிறைய நாள் இருக்கிறது.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

நவ. 14, சனி

டீச்சர் வந்தார். இரைச்சல் இருந்தது. நான் மும்முரமாக எதையோ தேடுவதுபோல் பிளையரை எடுத்து வைத்தேன், ஸ்க்ரூவைத் திருகினேன், அதையே திரும்பத் திருகினேன். நல்ல நடிகன் ஆகியிருக்கலாம்.

நடுவில் பெட்டி ஒரு ரேடியோ நிலையத்தைப் பிடித்துக்கொண்டது. நெற்பயிரில் தண்டுத் துளைப்பான் பற்றி ஒருவர் தெளிவாகப் பேசினார். பாக்கியம்மா அவரைக்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "யாரு சார் உள்ள?" டீச்சருக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வாயை மறைக்க மறந்துவிட்டார்.

பிறகு வாசித்தார். இரைச்சலோடுதான். மழை ஓய்ந்து ஓடு சொட்டிக்கொண்டிருந்தது. முடித்ததும் இரும்புத் துண்டைச் சேலை முனையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா போனதுக்கப்புறம் வீட்ல வாசிச்சா கேக்க ஆளில்ல சார். ஆலயத்துலயாவது பின்னாடி வரைக்கும் போகட்டுமேன்னுதான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். தீப்பெட்டி மூன்றடி தூரத்தில் இருந்தது. "இன்னொரு பிஸ்கெட் எடுத்துக்குங்க" என்றேன்.

நவ. 18, புதன்

ஜலதோஷம். மிளகு கஷாயம். வாஷரை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். வெள்ளிக்கிழமை மாட்டுவது என்று முடிவு.

நவ. 20, வெள்ளி

மாட்டவில்லை.

நவ. 21, சனி

வெயில். பல நாளுக்குப் பிறகு துணி காய்ந்தது.

நாலு மணி. இரைச்சலைக் கேட்டதும் டீச்சர் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. "விடுங்க சார்" என்றார். "நீங்க எவ்வளவோ பாத்துட்டீங்க. ராத்திரி கமிட்டிக்குச் சொல்லிடறேன், நாளைக்கு வேண்டாம்னு. இரைஞ்சு எல்லார் முன்னாடியும் நிறுத்தச் சொல்றதுக்கு, நானே சொல்லிடறது மரியாதை."

அழவில்லை. குரலில்கூட ஒன்றும் இல்லை. பத்து வருடமாகப் பழகிய ஒன்றுக்குத் திரும்பிப் போகிறவரின் குரல். என்மேல் எனக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க டீச்சர்."

சுவிட்சை அணைத்தேன், கண்டன்சரில் தங்கிய கரண்டை இறக்கினேன், தீப்பெட்டியை எடுத்தேன். வாஷர் இரண்டு, சாக்கெட், நட். சுவிட்ச். வால்வு சிவந்தது. நிசப்தம். படியில் பாக்கியம்மா அவரைக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான். அது தட்டைத் தொடக்கூடாது. தொட்டா இரையும்."

"இப்போதான் கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா."

குனிந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பார்த்தார். வெகுநேரம். பிறகு மேசைமேல் திறந்து கிடந்த காலித் தீப்பெட்டியைப் பார்த்தார்.

"வாஷர் நல்லா வட்டமா வெட்டியிருக்கீங்க."

டீ குடிக்கவில்லை. ரிக்‌ஷா பிடித்து, பெட்டியையும் கிட்டாரையும் ஏற்றிக்கொண்டு போனார். பாக்கியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வேலை முட்ஞ்சிச்சா சார்? அப்ப இனிமே எனக்கும் லீவுதான்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. டீச்சருக்கு.

நவ. 22, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றி வாழைத்தார், பூசணி, கரும்பு, யாரோ கொண்டுவந்த இரண்டு சேவல். காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதற்கு முன் பாட்டு.

சுவிட்சைப் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமில்லை. பிறகு கிட்டார். பதினோராவது பெஞ்சில் என் கைப்பிடிப் பலகை அதிர்ந்தது. எனக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். சேவல் ஒன்று நடுவில் கூவியது, அதைத் தவிர குறையே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பொருளாளர், "கிறிஸ்மஸுக்கும் வாசிக்கட்டும். பெட்டி வெஸ்ட்ரி ரூம்லயே இருக்கட்டும்" என்றார். பெட்டி யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை. இடப்பக்க வாசலில் டீச்சரைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தார். எனக்குத் தலை தூக்கிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. செருப்பைத் தேடினேன். காலில்தான் இருந்தது.

நவ. 28, சனி

மூன்றரைக்குப் பெருக்கினேன். பழக்கதோஷம். பிஸ்கெட் வேறு வாங்கியிருந்தேன்.

நாலு. நாலரை. ரயில் போனது. எந்த வண்டி என்று தெரியவில்லை.

பாக்கியம்மா ஒரு கிண்ணத்தில் அவரைக்காய்ப் பொரியல் கொண்டுவந்து வைத்தார். "வெறுமனே குந்திகினு கீறியே சார். துன்னு." நின்றுகொண்டே தின்றேன். இந்த மனிதர்களிடம் நல்லபடியாக இருக்க எனக்கு ஏன் ஒரு ரிப்பேர் தேவைப்படுகிறது என்று தெரியவில்லை. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று தங்கைக்கு ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன். பொய். பழகவே இல்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

மேகமூட்டம். மாலை ஐந்துக்குச் சாலமன் வந்தான். ஆலயத்தில் மணி அடிக்கிறவன், என் வயது. சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி.

"இன்னா சார் கட்டிக் குட்த்தே? மறுபடியும் கத்துது."

மாட்டிப் பார்த்தேன். ம்ம்ம்ம். அதே இரைச்சல். அதே ஸ்தாயி.

"எப்பலேர்ந்து சாலமன்?"

"முந்தாநேத்து வரிக்கும் நல்லாத்தான் இர்ந்துச்சு. நேத்து டீச்சரம்மா பள்ளிக்கூடம் வுட்டு வந்து, பிளக்கைப் புடுங்கிப் போட்டு அரைமணி நேரம் சும்மா குந்திகினு இர்ந்துச்சு. அப்பால பின்பலகைய கயட்டி, ஒரு கைய முதுகுக்குப் பின்னால வெச்சுகினு உள்ள இன்னாமோ பண்ணுச்சு. இன்னாம்மான்னா, தூசி தொடைக்கிறேன்னுச்சு."

பலகையைக் கழற்றினேன். வாஷர் இரண்டும் வைத்த இடத்தில்தான். ஆனால் சாக்கெட்டிலிருந்து இரும்புத் தட்டின் ஸ்க்ரூ வரை, குறுக்கே, கச்சிதமாகச் செருகிய ஒரு கறுப்பு ஹேர்பின்.

முதலில் கோபம்தான் வந்தது. உள்ளே இருநூற்றைம்பது வோல்ட். கை தவறியிருந்தால்? பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், பெரிய ரிப்பேரா?"

"ரொம்பப் பெரிசு. டீச்சர்கிட்ட சொல்லு, கிட்டார் இல்லாம டெஸ்ட் பண்ண முடியாதுன்னு. சனிக்கிழமை நாலு மணி."

"கிறிஸ்மஸுக்குள்ள ஆயிடுமா?"

"அதெல்லாம் ஆயிடும்."

அவன் போனதும் பாக்கியம்மாவிடம் போய்ச் சனிக்கிழமை லீவு ரத்து என்று சொன்னேன். ஹேர்பின்னை எடுக்கவில்லை. இரைச்சலைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இப்போது ஒரு கரகரப்பு. செங்கல்பட்டு வண்டி.