பூவாயி கொண்டுவந்த பாதி

மாமல்லபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் தாளை எடுத்தேன்.

நாலாம் வகுப்பில் என்னிடமே படித்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். இரண்டு டப்பாவில் அவரை விதை ஊன்றி, ஒன்றுக்கு எரு போட்டு, ஒன்றுக்குப் போடாமல் வளர்த்துக் காட்டினேன். எரு போடாத செடி என்ன தப்பு பண்ணிச்சு டீச்சர் என்று எழுந்து நின்று கேட்டாய். அது இல்லாவிட்டால் எருவால் வளர்ந்ததா, தானாக வளர்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று சொல்லி உன்னை உட்காரவைத்தேன். பதில் சரிதான். இப்போது அந்த எரு போடாத செடி நான்தான்.

என் கணுக்கால் புண் உனக்குத் தெரியும். பூவாயி அத்தைக்கும் அதே புண். நான் கரும்பலகை முன்னால் நின்றேன், அவள் மீன் மார்க்கெட்டில் நின்றாள், இரண்டு பேர் காலிலும் ரத்தக்குழாய் கெட்டுப்போய், மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கிவிட்டது. முட்டுக்காட்டில் முகத்துவாரம் மண் அடைத்தால் தண்ணீர் நின்று நாறுமே, அது போலத்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இதற்குப் புதிதாக ஒரு வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றுகிறார்கள், தயிர் கடைந்தால் வெண்ணெய் தனியே திரள்வது போல அதிலிருந்து தட்டணுக்களைப் பிரித்து, ஜெல் மாதிரி ஆக்கிப் புண்மேல் வைத்துக் கட்டுகிறார்கள். ஒரு வாரம் வரை கட்டைப் பிரிக்கக் கூடாது. பாதிப் பேருக்கு ஜெல், மீதிப் பேருக்கு உப்புத்தண்ணீரில் கழுவி வெறும் இறுக்கக் கட்டு. யாருக்கு எது என்று குலுக்கலில் கம்ப்யூட்டர்தான் சொல்லும். அத்தைக்கு ஜெல் விழுந்தது, எனக்குக் கட்டு மட்டும். ரத்தம் எடுக்கும்போதுகூட, மீன் துன்ன ரத்தம், கவிச்ச அடிச்சா என்னக் கேக்காத டாக்டரம்மா என்று சொல்லி, டாக்டர் ஜெஸ்ஸியைச் சிரிக்கவைத்தாள்.

ஜெல் வைத்துக் கட்டிய அன்று சாயங்காலமே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். திறந்தால் மஞ்சளாக, கொழகொழவென்று அந்த ஜெல். வீட்டில் கட்டைப் பிரித்து, மீன் அரிந்த கையாலேயே புண்மேலிருந்து பாதியை வழித்து எடுத்திருக்கிறாள். எனுக்கு மட்டும் நல்ல மருந்து, உன்ன சும்மா கழுவி அனுப்சிட்டாங்க, மன்சு ஒப்பல அண்ணி, பாதி எட்த்தாந்துகீறேன், வச்சிக்கோ என்றாள். நம் கரையில் வலை வந்தால் கடலுக்குப் போகாதவன் வீட்டுக்கும் கறிக்கு ஒரு கை மீன் போகும் இல்லையா, அவளுக்கு அது போலத்தான் இதுவும். நான் பதறிப்போனேன். ஒருத்தர் ரத்தத்தில் செய்ததை இன்னொருத்தர் புண்ணில் வைக்கக் கூடாது பூவாயி, கட்டைப் பிரித்ததே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. மீன் விக்கிறவ ரத்தம் டீச்சரம்மாவுக்கு ஆவாதா என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பழைய துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் ஐஸ் தண்ணீரில் நின்றாள். சர்க்கரை வேறு இருக்கிறது.

வாரக் கடைசியில் காய்ச்சல், காலில் நாற்றம். நான்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். கட்டை அவிழ்த்தாயா என்று டாக்டர் கேட்டதற்கு, நான் தொடவேயில்ல என்று சாதித்தாள். ஜெல் வைத்த இடத்தில் தானாக இப்படி ஆனது என்றால் மருந்தில்தான் கோளாறு என்று எழுத வேண்டியிருக்கும், மற்றவர்களுக்கும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். அத்தை என் விரலை இறுக்கிப் பிடித்தாள். உண்மையைச் சொன்னால் அவளைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஜெல் இனிக் கிடைக்காது, அவள் நம்பியிருந்தது அது ஒன்றைத்தான். சொல்லாவிட்டால் எங்கள் மாதிரி புண் காலோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு பொய்க் கணக்கு போய்ச் சேரும். நான் சொல்லிவிட்டேன் பிரியா. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது வார்டில் கிடக்கிறாள். அழுகின சதையை வெட்டி எடுத்திருக்கிறார்கள், எலும்பு வரை போய்விட்டதா என்று பார்க்கிறார்கள். கால் நிற்குமா என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். தினம் கஞ்சி கொண்டுபோகிறேன், வாங்குவதில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நேற்று மட்டும் திரும்பாமலே பேசினாள். உனுக்குப் பாதி கொண்டாந்தேனே அண்ணி, எனுக்கு இதான் பங்கா என்றாள். கஞ்சியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். என் புண் வெறும் கட்டிலேயே கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அதைப் பார்க்கவே கூசுகிறது. ஜெல் நல்லதா இல்லையா என்பது எல்லார் கணக்கும் முடிந்த பிறகுதான் தெரியுமாம்.

அத்தைக்குப் போன் பண்ணு. எனக்காகப் பரிந்து பேசாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். நகைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாய், சாயங்காலம் செருப்பு இறுக்குகிறது என்று போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாய், எங்கள் இருவருக்கும் ஆரம்பம் அதுதான். இன்று வேலை விட்டு வந்ததும் கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பின் மீது கட்டை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு எடுத்துப் பார், குழி அப்படியே நின்றால் காலில் நீர் கோத்திருக்கிறது, நாளைக்கே டாக்டரிடம் போ.

உன் அம்மா,
தமிழரசி