குட்டி வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் நீ அழுகிறாய், நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

கொட்டகை சுத்தமாகிவிட்டது. கால்நடை டாக்டர் ஆட்களோடு வந்து, நோய் வந்தது வராதது எல்லாப் பன்றிகளையும் முடித்துப் பின்பக்கம் குழியில் புதைத்ததைச் சொன்னேனே. ஒரு பன்றிக்குப் 'பெரியம்மா' என்று பேர் வைத்து உன் பெரியம்மாவிடம் திட்டு வாங்கினாயே, அந்தக் கிழவி கடைசிவரை தீவனத் தொட்டியை விட்டு நகரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. காலையில் வாளியோடு பாதி தூரம் போய்த் திரும்புகிறேன். கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீரில் பூட்ஸை முக்கிவிட்டுத்தான் நுழைகிறேன். உள்ளே இனி யாருக்கு நோய் வந்துவிடப் போகிறது என்று அம்மா கேட்டாள்.

குழி வெட்டிய அன்றுதான் நீ உன் ஆய்வகத்துச் செய்தி சொன்னாய். இதே நோயைத் தரும் வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைப் பூச்சி செல்லில் வளர்த்துத் தடுப்பூசியாகப் போட்டீர்களாம். பிறகு நோயையே ஏற்றியும் பன்றிகள் நின்று தின்கின்றனவாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அம்மா முணுமுணுத்தாள். நான் சத்தம் போட்டேன். அடுத்தவன் பன்றியாவது பிழைக்கட்டுமே! எனக்குப் பெருமைதான் மகளே. அதுவும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ கேட்கிறது.

அந்த வைரஸைத் தொடுகிறவர்கள் பன்றி இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பது உங்கள் ஆய்வகத்துச் சட்டம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீ வீட்டுக்கே வந்ததில்லை. பார்த்துக்கொள்வதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்தான், நீ ஒரு முனை, நான் ஒரு முனை. குறை சொல்லவில்லை. நம் பன்றிகளுக்காகத்தானே வராமல் இருந்தாய்.

நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, தடை நீங்கியது, புதுக் குட்டி வாங்கலாம் என்றார். குட்டி வியாபாரியும் வந்து நின்றான். கூரைத் தகரம் மாற்ற வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். தகரத்துக்கு ஒரு கேடும் இல்லை.

இன்றைக்கு இங்கே ஒரு பன்றிகூடக் கிடையாது. உன் அறையில் அம்மா புது விரிப்பு போட்டிருக்கிறாள். குட்டி வந்துவிட்டால் நீ வர முடியாது.

நன்றாக இரு. தகரம் மாற்ற எத்தனை நாளானாலும் ஆகட்டும். ஒரு தடவை வந்துவிட்டுப் போம்மா.

அப்பா