பர்தா தைக்கும் கடை

லோஹேகாவ், புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

பவுன் எழுதுகிறேன். நானும் கீர்த்தியும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்ற ஒரே பதில்தான் வருகிறது. தினமும் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் நாற்பது வார்த்தை குறுக்கே பேசுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை பாருங்கள். கோர்படியில் இருக்கிற சவரிமுத்து அண்ணன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிட்டு முடித்து, ஒரு இடத்தில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படியுங்கள். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனியில் காண்டிராக்ட் தாள் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்களே, இந்தக் கடிதத்தைப் படிக்காமல் அந்தத் தாளைத் தொடவே தொடாதீர்கள்.

கீர்த்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் மழை விட்டபாடில்லை, துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது. பிள்ளையின் தமிழைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வரும். எப்போ என்பதற்கு மராத்தியில் கதீ என்பார்கள் இல்லையா, அதைத் தமிழில் கலந்து, அம்மா, அப்பா கதீ வருவாங்க, அப்பா கதீ வருவாங்க என்று பொழுதுக்கும் கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் அப்பா கதி என்ன ஆச்சோ என்று நினைப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே, வருவாங்க, சாப்பிடு என்கிறேன். வேறு என்ன சொல்ல?

இனி கடை விஷயம். கராடியில் இரண்டாவது கடை போட்டு, நோட்டீஸ் அடித்து, புது ஆட்கள் வருவார்கள் வருவார்கள் என்று காத்திருந்து, ஆறு மாதத்தில் மூடி, அந்த வேதனையோடுதான் நீங்கள் விமானம் ஏறினீர்கள். அதுவரைக்கும் நான் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பிளவுஸ் தைத்தவள். யார் வந்தாலும் பேசுவது நீங்கள்தான். காய்க்காரனோடு மல்லுக்கட்டுகிற அளவுக்குத்தான் எனக்கு ஹிந்தி. திடீரென்று கடை முகப்பில் நிற்க வேண்டும் என்றதும் பயந்துபோனேன். உங்களிடம் தைரியமாகத்தான் பேசினேன், அவ்வளவும் நடிப்பு.

இப்போது சொல்லப் போவதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, மானம் போய்விடும் என்றுதான். நீங்கள் போன புதிதில் ஏர்போர்ஸ் குடியிருப்பிலிருந்து ராஜஸ்ரீ மேடம் பிளவுஸ் வாங்க வந்தார்கள். ஞாபகம் இருக்கும், கழுத்து இறக்கமாக வேண்டும் என்று உங்களை மூன்று தடவை பிரிக்க வைத்தவர்கள். பிளவுஸைப் பார்த்துத் திருப்தியாகி, பர்தா தைப்பாயா, ஆறு பர்தா வேண்டும் என்றார்கள். நெற்றி நிறையக் குங்குமம். இவர்களுக்கு எதற்கு பர்தா, அதுவும் ஆறு? யாருக்காவது கொடுப்பார்களாயிருக்கும் என்று நினைத்து, இங்கே தைப்பதில்லை, மெயின் ரோட்டில் பாய் கடை இருக்கிறது, அங்கே நன்றாகத் தைப்பார்கள் என்றேன். அவர்கள் முகம் வாடிப் போனது. அடுத்த வாரம் இன்னொரு மேடம், எனக்கும் பர்தா வேண்டும், பூப்போட்ட துணியில் என்றார்கள். அதற்கப்புறம் அதே குடியிருப்பில் இருக்கிற நம் வைஷாலியும் கேட்டாள். சார்ஜெண்டுகள் வீட்டுப் பெண்களெல்லாம் திடீரென்று எதற்கு பர்தா போடக் கிளம்பிவிட்டார்கள் என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வைஷாலியிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன், உன் வீட்டுக்காரர் மறுப்புச் சொல்ல மாட்டாரா என்று.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அளவு எடுக்கிற மூலையில் நாம் தொங்கவிட்டிருக்கிறோமே அந்தத் திரைச்சீலை, அதைச் சர்ரென்று இழுத்து, ஹிந்தியில் இதுதான் பர்தா என்றாள். ஐயோ, அத்தான்! தலையில் அடித்துக்கொண்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேலை இல்லையே, வேலை இல்லையே என்று சாமியிடம் முறையிட்டுக்கொண்டு, வந்த வேலையை நானே பாய் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் இருந்தபோது அவர்கள் கேட்கவில்லையா என்று வைஷாலியிடம் விசாரித்தேன். கேட்டார்களாம். இது லேடீஸ் டெய்லர் கடை, அதெல்லாம் எடுப்பதில்லை என்று மாஸ்டர் சொன்னாராம். அர்த்தம் தெரிந்து நீங்களும் தெரியாமல் நானும் இல்லை என்றே சொல்லியிருக்கிறோம். நாம் இரண்டு பேரும் நல்ல ஜோடிதான்.

அன்றைக்கே ராஜஸ்ரீ மேடத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, ஜன்னல் அளவெடுக்க வீட்டுக்குப் போனேன். அதுவரை நம்மிடம் வருகிறவர்களின் வீட்டுக்குள் நான் போனதே இல்லை. போன பிறகுதான் கண் திறந்தது. ஹாலில் கறுப்புப் பெயிண்ட் அடித்து வெள்ளை எழுத்தில் பேர் எழுதிய மரப்பெட்டிகள். ஊர் மாறும்போது சாமான் கட்டுகிற பெட்டிகள்தான், இரண்டைச் சேர்த்துப் போட்டு மேலே மெத்தையை விரித்து சோபா மாதிரி உட்காருகிறார்கள். மேலே விரித்த போர்வை யார் உட்கார்ந்தாலும் நழுவிக் கீழே போகிறது. இதற்கு அளவாக ஒரு உறை தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். திரைச்சீலைத் துணியிலேயே தைத்துக் கொடுத்தேன். வீடே மாறிவிட்டது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நம்மிடம் பிளவுஸ் தைக்கிறவர்கள்தான். பெட்டி உறை, குஷன் உறை, பிரிட்ஜ் மேலே போடுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்டார்கள். ஒரு நோட்டீஸும் அடிக்கவில்லை. பிளவுஸைக் கொடுக்கும்போது, வீட்டுக்கு வேறு ஏதாவது தைக்க இருக்கா மேடம் என்று ஒரு வார்த்தை கேட்கிறேன், அவ்வளவுதான்.

கோடையில் ஒரு பயம் வந்தது. ராஜஸ்ரீ மேடம் வந்து, எங்களுக்கு ஜோத்பூர் மாற்றல் வந்துவிட்டது என்றார்கள். அதே வாரம் இன்னும் நாலைந்து குடும்பங்களுக்கு. நம்மிடம் இருப்பதே இவர்கள்தான், இவர்களும் போய்விட்டால்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உங்களிடம் தலைவலி என்று சொன்னேனே, அது இதுதான். ஆனால் அவர்கள் போகிற அவசரத்தில்தான் வேலை குவிந்தது. புது வீட்டில் ஜன்னல் எவ்வளவு உயரமோ தெரியாது, அதனால் கீழே ஒரு சாண் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்தேன், தேவையென்றால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ராஜஸ்ரீ மேடம் கிளம்பும்போது, பிளவுஸ் அளவை நீயே வைத்துக்கொள், துணியைக் கூரியரில் அனுப்புகிறேன், அந்த ஊரில் யாரை நம்புவது என்றார்கள். சொன்னபடியே போன வாரம் மூன்று துணி வந்திருக்கிறது. பார்சலைக் கையில் வாங்கியதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அத்தான், கடை நிற்கிறது. வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக்கும் போக மிச்சமும் இருக்கிறது. கராடிக் கடையால் வந்த கடன் தலைவலியெல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். நீங்கள் அனுப்புகிற பணத்தைத் தொடாமலே இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல்தான் செய்தேன், முடிகிறதா என்று பார்க்க. முடிகிறது.

இதைப் படித்ததும் உங்கள் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நம்மால் ஆகாததை இவள் செய்துவிட்டாள், இனி அங்கே போய் நான் என்ன செய்ய என்று தோன்றும். மூக்கு விடைக்கும். அந்த நினைப்பைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். உங்கள் கத்தரி போகிற நேர் எனக்கு வருமா? நீளத் துணியை நான் வெட்டினால் பாம்பு போன மாதிரி போகிறது, வெட்டியதை மறுபடி சரிசெய்தே பாதிப் பொழுது போகிறது. பழைய ஆட்கள் வந்தால் மாஸ்டர் வரவில்லையா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டு வருடமாக நானும் ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

கடைசியாக ஒன்று, கோபப்படாதீர்கள். குடியிருப்புப் பெண்கள் கூடுகிற பெரிய ஹாலுக்கு மொத்தமும் திரைச்சீலை மாற்றப் போகிறார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஜன்னல்கள். எங்கள் பவுனிடம்தான் கொடுக்க வேண்டும் என்று வைஷாலி பேசி முடித்துவிட்டாள். ஏணியில் ஏறி இதையெல்லாம் நீ ஒருத்தி எப்படி அளப்பாய் என்று அங்கிருந்த அதிகாரியம்மா கேட்டார்கள். என் வாயில் என்ன வந்ததோ, என் வீட்டுக்காரர் கணபதி பண்டிகை முடிந்ததும் வந்து அளவெடுப்பார் என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உங்களைக் கேட்கவில்லையே என்று உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை, வாங்க மனமும் இல்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் அத்தான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

விமானம் ஏறி இறங்கி வீடு வந்து சேருகிற வரைக்கும் திருச்செந்தூர் முருகன் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உங்கள்
பவுன்